ஏழெட்டு ஐம்பத்தைந்து

உச்சிவெயிலில் ஆடுகள் மட்டும் வீடு திரும்பின. மேய்க்கப் போன தம்பி அருமைநாயகம் வரவில்லை.

பாலம்மாள் ஆடுகளின் குளம்பைப் பார்த்தாள். சிவப்புச் சரளைமண் ஒட்டியிருந்தது. அது ஆற்றுக்குத் தெற்கே உள்ள பறம்பு மேட்டில்தான் உண்டு.

அந்த மேட்டுக்குள் பெரிய பெரிய தாழிகள் புதைந்து கிடந்தன. ஒவ்வொன்றிலும் முன்காலத்தில் செத்த ஆள் ஒருவர் காலை மடக்கி உட்கார்ந்திருப்பார். போன வருஷம் துரைமார் வந்து தோண்டிப் பார்த்தார்கள். பிறகு சர்க்கார், 'இனி யாரும் தோண்டக் கூடாது' என்று கல் நட்டது. காவலுக்குச் சங்கிலிபூதத்தானைப் போட்டு, மார்பில் பித்தளை வில்லையும் மாட்டிவிட்டது.

ஊரின் சட்டம் அதைவிடப் பழையது. பறம்பில் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. தாழிக்குள் இருப்பவர்கள் பேரைக் கற்றுக்கொள்வார்கள். யார் கூப்பிட்டாலும் பதில் பேசவும் கூடாது.

அதனால் பாலம்மாளும், கடப்பாரையோடு வந்த அவள் அய்யாவும், காவல்காரரும் அவனைக் கூப்பிடாமலே தேடினார்கள். காற்று இல்லை. காக்கை இல்லை. கால் வைத்த இடமெல்லாம் அடியில் 'டம், டம்' என்றது.

"கூப்பிட்டாத்தானய்யா அவனுக்குக் கேக்கும்?"

"சும்மா வாட்டி. பேரு போச்சுன்னா ஆளும் போச்சு."

பாலம்மாள் யோசித்தாள். கூப்பிட்டாலும் தம்பி வாய் திறக்க மாட்டான். ஆனால் யாராவது வாய்ப்பாட்டைத் தப்பாகச் சொன்னால் அவனுக்குப் பொறுக்காது. வாத்தியாரையே திருத்தி அடி வாங்கியவன்.

அவள் தரையைப் பார்த்துச் சொன்னாள்: "ஏழேழு நாப்பத்தெட்டு."

எங்கோ ஒரு கல் உருண்டது. அவ்வளவுதான்.

"ஏழெட்டு அம்பத்தஞ்சு."

மண்ணுக்கு அடியிலிருந்து, பானைக்குள் பேசுவதுபோல ஒரு குரல் வந்தது.

"அம்பத்தாறு."

சங்கிலிபூதத்தான் உடைமரத்தில் ஏறிவிட்டார். முள் குத்தியதுகூட அவருக்குத் தெரியவில்லை.

புதருக்குப் பின்னால், கூடை அகலத்துக்கு ஒரு பொத்தல். உள்ளே இருட்டு. அய்யா கடப்பாரையை ஓங்கினார்.

"உடைக்காதீரும் அண்ணாச்சி, என் வில்லையப் பறிச்சிருவாங்க" என்றார் மரத்தில் இருந்தவர்.

"எம் பிள்ளைய விட ஒம்ம வில்லை பெருசா, வே?"

பாலம்மாள் கடப்பாரையைப் பிடித்துக்கொண்டாள். "உடைச்சா மேமண்ணு பூரா அவன் தலையில சரியும்யா. மாமா, ஒங்க தலைப்பாவைத் தாங்க."

தலைப்பா மரத்திலிருந்து விழுந்தது. அவள் குப்புறப் படுத்து, அதைப் பைய உள்ளே இறக்கினாள்.

"ஏலே அம்பத்தாறு, இடுப்புல கட்டிக்கோ."

அய்யாவும் அவளும் இழுத்தார்கள். தம்பி மேலே வந்தான். அந்த வெயிலிலும் அவன் உடம்பு குளத்துக் கல்போலச் சில்லென்றிருந்தது.

"உள்ள ஒருத்தர் உக்காந்திருக்காருய்யா. இடிச்சிரக் கூடாதுன்னு நானும் கால மடக்கிக்கிட்டேன்."

அய்யா பொத்தலைப் பக்கத்தில் கிடந்த பலகைக்கல்லால் மூடினார். மண்வெட்டியைத் தேடாமல் கையாலேயே மண்ணை அள்ளி அதன்மேல் அப்பினார்.

மேட்டை விட்டு இறங்கிய பிறகுதான் பாலம்மாள் கேட்டாள். "ஏழேழு தப்பாச் சொன்னேனே, அப்பமே ஏம்லே பேசல?"

"பெரியவரு ஒருத்தர் இருக்கையில நான் முந்தலாமாக்கா? அவரு சொல்லுவாருன்னு காத்திருந்தேன்."