சத்தம் சுடுமா?

அன்று காலையிலிருந்தே சிவலட்சுமிக்குப் பொல்லாத கோபம். குரக்கன் புட்டு என்றால் அவளுக்கு உயிர். அதையே வேண்டாம் என்று தள்ளிவிட்டாள். பசித்தது. அதனால் கோபம் இன்னும் கூடியது.

கோபம் வராமல் என்ன செய்யும்? அவளுடைய அக்கா கமலாசனிக்குக் கொழும்பில் ஸ்கான் மெஷின் படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. அது எண்பத்திரண்டாம் ஆண்டு. அவர்களுடைய ஊரான முரசுமோட்டையில் அப்படி ஒரு மெஷினை எவரும் கண்டதில்லை. நாளைக்கு அப்பா அக்காவை ரயிலில் கூட்டிப்போக வேண்டும்.

நேற்று அன்னபாக்கியம் மாமி வந்து எல்லாவற்றையும் கெடுத்துவிட்டார். அவர் அப்பாவின் தமக்கை. அவர் கிழித்த கோட்டை அப்பா தாண்ட மாட்டார்.

"தம்பி, உள்ளுக்கு இருக்கிறதைக் காட்டுற மெஷின் எண்டால் அதில கதிர் வரும். பக்கத்தில நிண்டால் வயித்துக்குள்ள எல்லாத்தையும் சுட்டுப்போடும். பிறகு பிள்ளை பிறக்காது. இவளை ஆர் கட்டுவான்?"

"அது எக்ஸ்ரே, மாமி," என்றாள் கமலாசனி. "இதில கதிர் இல்லை. காதுக்குக் கேக்காத சத்தத்தை உடம்புக்குள்ள அனுப்பும். அது பட்டுத் திரும்பி வாறதை வைச்சுப் படம் காட்டும்."

"சத்தத்தில படமோ? ஆருக்கு விடுறாய் இந்தக் கதையை?"

அப்பா தலையைச் சொறிந்தார். "மாமி சொல்லுறது சரிதான். நீ போக வேண்டாம், பிள்ளை."

கமலாசனி பெட்டியில் இருந்த உடுப்புகளை எடுத்துத் திரும்பவும் அலுமாரியில் அடுக்கினாள். அதைப் பார்த்த சிவலட்சுமிக்கு மாமி மேல் கோபம், அப்பா மேல் கோபம், வாய் திறக்காத அக்கா மேலும் கோபம்.

இப்போது அவள் லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் நிற்கும் கொட்டிலில் போய்க் குந்தியிருந்தாள். உழவுக்குப் புறப்பட்ட அப்பா அங்கே வந்தார். மாமியும் ஏதோ கதைத்தபடி பின்னால் வந்தார்.

அப்பா விரலை மடக்கி டீசல் பரல் என்ற இரும்புப் பீப்பாயின் மேற்பக்கத்தில் தட்டினார். 'ணங், ணங்' என்றது. தட்டிக்கொண்டே கீழே போனார். பாதிக்குக் கீழே 'தொம்' என்றது.

"டீசல் இருக்கு, இண்டைக்கு உழக் காணும்," என்றார்.

சிவலட்சுமி துள்ளி எழுந்தாள்.

"மூடியைத் திறக்காமல் எப்பிடித் தெரியும், அப்பா?"

"சத்தத்தில தெரியும்தானே."

"உள்ளுக்கு டீசல் எந்த மட்டத்தில நிக்குதெண்டு சத்தம் காட்டுமோ?"

"ஓம்."

"அப்ப, அக்கா சொன்னால் மட்டும் ஏன் நம்பேல்லை?" கோபத்தில் அவளுக்கு அழுகையும் வந்துவிட்டது. "எத்தினை வருசமாத் தட்டுறியள். சத்தம் பரலைச் சுட்டுப்போட்டுதோ? உங்களைச் சுட்டுப்போட்டுதோ? நானும் அக்காவும் பிறக்கேல்லையோ?"

அப்பா மடக்கிய விரலைப் பார்த்தார். பரலைப் பார்த்தார். இன்னொரு தடவை மெதுவாகத் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார்.

"உன்ர அக்காவைப் பெட்டியை அடுக்கச் சொல்லு. நாளைக்குப் போறம்," என்றார்.

"தம்பி..." என்று மாமி தொடங்கினார்.

"நீங்கள் சும்மா இருங்கோ, அக்கா. பிள்ளை சரியாத்தான் கேட்டிருக்கிறாள்."

சிவலட்சுமி வீட்டுக்கு ஓடினாள். மாமி மூச்சு வாங்க வாங்கப் பின்னால் வந்து, வாசல் படலையடியில் அவளைப் பிடித்துக்கொண்டார். அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"பிள்ளை, கொஞ்ச நாளா எனக்கு வலப்பக்கத்து வயித்தில ஒரு நோவு. அந்த மெஷினில தெரியுமோ?"

சிவலட்சுமிக்குக் கோபம் இன்னும் முழுதாக ஆறவில்லை.

"தெரியும், மாமி. அக்கா படிச்சிட்டு வரட்டும். வந்து வரிசையில நில்லுங்கோ."