இரண்டு எழுத்து சிக்கனம்

சுண்டுவுக்கு ஒரு தம்பி இருந்தான். ஆனால் அவன் கம்ப்யூட்டருக்குள் இருந்தான்.

சுண்டுவின் அம்மா கைப்பேசிச் செயலிகள் செய்கிறவர். சாப்பாட்டு மேசைதான் அவருடைய அலுவலகம். செயலி எப்படி இருக்க வேண்டும் என்று அம்மா நாலைந்து வரியில் குறிப்பு எழுதுவார். அதைப் படித்து ஒரு செயற்கை நுண்ணறிவு உதவியாளன் பக்கம் பக்கமாக நிரல் எழுதித் தள்ளுவான். அந்த உதவியாளனுக்கு அம்மா வைத்த பெயர்தான் 'தம்பி'.

"தம்பி, இந்தப் பொத்தானைக் கொஞ்சம் பெருசாக்கு."

"அடடா, சமத்துடா நீ!"

காலையிலிருந்து இதேதான். சுண்டு ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டாள்.

"என்னை எப்பம்மா கடைசியா சமத்துன்னு சொன்னே?"

அம்மா காதில் ஹெட்போன் இருந்தது. பாவம், அவருக்குக் கேட்கவில்லை.

அவர்கள் இந்தக் கட்டடத்தின் ஐந்தாவது மாடிக்குப் புதிதாகக் குடிவந்திருந்தார்கள். பாதி அட்டைப்பெட்டிகள் இன்னும் பிரிக்கப்படவில்லை. பள்ளி விடுமுறை. பழைய வீட்டுத் தோழிகள் பழைய வீட்டுப் பக்கத்திலேயே இருந்துவிட்டார்கள்.

கீழே கார் நிறுத்தும் இடத்தில் பிள்ளைகள் விளையாடுவார்கள். சுண்டு வந்த புதிதில் ஒருமுறை இறங்கிப் போனாள். சுவரோரமாக நின்றாள். யாரும் வா என்று கூப்பிடவில்லை. போ என்று விரட்டவும் இல்லை. பந்து அவள் பக்கம் உருண்டு வந்தது, எடுத்து வீசினாள். "தேங்க்ஸ்!" என்று ஒரு குரல் வந்தது. அவ்வளவுதான். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு மேலே வந்துவிட்டாள்.

"நல்லா விளையாடினியா?" என்று அம்மா கேட்டார்.

"ம், சூப்பரா விளையாடினேன்" என்று சொல்லிவிட்டுக் குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அழுதாளா என்று கேட்காதீர்கள். அழுதாள்தான்.

அதற்குப் பிறகு ஜன்னல்தான் அவளுக்குத் துணை. மேலிருந்து பார்த்துப் பார்த்தே எல்லோரையும் தெரிந்துகொண்டாள். உயரமான பெண்ணின் பட்டப்பெயர் நெட்டை. அச்சில் வார்த்ததுபோல் இருக்கும் இரட்டைப் பையன்கள் பெரிய ரெட்டை, சின்ன ரெட்டை. கீழே யாருக்கும் சுண்டுவைத் தெரியாது.

அன்று மதியம் சாப்பிடும்போது சுண்டு கேட்டாள். "அம்மா, எனக்கு ஒரு செயலி வேணும். விளையாட யார் வர்றாங்கன்னு காட்டணும்."

அம்மா ஆச்சரியமாகப் பார்த்தார். "நீயே எழுதேன். தம்பிகிட்ட வளவளன்னு பேசினா குழம்பிப் போயிடுவான். சுருக்கமா எழுதணும். ஒரு எழுத்துகூட வீணாக்காதே."

பழைய மடிக்கணினியைத் திறந்து கொடுத்துவிட்டு அம்மா தன் வேலைக்குத் திரும்பினார்.

சுண்டு நகத்தைக் கடித்தபடி யோசித்தாள். எழுதினாள், அழித்தாள், மறுபடி எழுதினாள். கடைசியில் இப்படி வந்தது:

திரை: இன்று விளையாட்டு
நேரம்: மாலை ஐந்து மணி
இடம்: கார் நிறுத்தும் இடம்
வருபவர்: பெயர், மாடி
பொத்தான்: நான் வரேன்

தம்பி மளமளவென்று நிரல் எழுதினான். இவள் தண்ணீர் குடித்துவிட்டு வருவதற்குள் செயலி தயார்! குடியிருப்போர் வாட்ஸ்அப் குழுவில் அம்மா அதை அனுப்பினார். யார் செய்தது என்று எழுத வேண்டாம் என்று சுண்டு கெஞ்சிக் கேட்டுக்கொண்டாள். ஒருவரும் வராவிட்டால் மானம் போய்விடுமே!

நாலரை மணிக்குத் திரையில் முதல் பெயர் வந்தது.

நெட்டை, மூன்றாவது மாடி.

சுண்டு கட்டிலில் ஏறிக் குதித்தாள். செருப்பைத் தேடி எடுத்து மாட்டினாள். திரும்பிப் பார்த்தால் நெட்டையின் பெயரைக் காணோம். அந்த இடத்தில் பெரிய ரெட்டை இருந்தான். கொஞ்ச நேரத்தில் அவனும் போய், சின்ன ரெட்டை வந்தான். பிறகு மறுபடி நெட்டை.

'வரேன்னு சொல்லிட்டு மனசை மாத்திக்கிறாங்களே' என்று நினைத்தாள். செருப்பைக் கழற்றிப் போட்டாள்.

அப்போதுதான் கீழே சத்தம் கேட்டது. ஜன்னலுக்கு ஓடினாள்.

"எம்பேரை எதுக்குடா அழிச்சீங்க?" நெட்டை கத்திக்கொண்டிருந்தாள்.

"நாங்க எங்க அழிச்சோம்? நீதான் எம்பேரைத் தூக்கிட்டு உம்பேரைப் போட்டே!" என்றான் பெரிய ரெட்டை.

"போங்கடா! இனிமே உங்ககூட விளையாடவே மாட்டேன்!"

நெட்டை விறுவிறுவென்று நடந்து, வாசல் படிக்கட்டில் போய் உட்கார்ந்தாள். முழங்காலைக் கட்டிக்கொண்டு, ஒருத்தியாக.

சுண்டுவின் மனம் ஒரு குறுக்கு வழியைக் காட்டியது. நெட்டை இப்போது தனியாக இருக்கிறாள். இப்படியே இறங்கிப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தால் தோழியாகிவிடலாம். பெயர்களை அழிப்பது செயலிதான் போலிருக்கிறது; ஆனால் அதைச் செய்தது யாரென்று யாருக்குத் தெரியப்போகிறது?

செருப்பில் மறுபடி காலை நுழைத்தாள். ஆனால் நெட்டை கண்ணைத் துடைத்துக்கொண்டது ஐந்தாவது மாடிவரை தெரிந்தது. சுவரோரம் நின்ற அந்த நாள் சுண்டுவுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. இன்னொருத்தி அப்படிக் கூட்டத்திலிருந்து பிரிந்து நிற்கட்டும் என்று விட அவளுக்கு மனசு வரவில்லை.

மடிக்கணினியின் முன் உட்கார்ந்து தட்டினாள். "தம்பி, ஏன் ஒருத்தர் பேர் மட்டும் நிக்குது?"

பதில் வந்தது. "வருபவர் என்று எழுதியிருந்தீர்கள். ஒரே ஒருவரை மரியாதையாகச் சொல்கிறீர்கள் என்று எடுத்துக்கொண்டேன். அதனால் ஒரு பெயருக்குத்தான் இடம் வைத்தேன். புதியவர் வந்தால் பழைய பெயர் போய்விடும். பலர் வருவார்களா?"

சுண்டு அந்தக் கேள்வியையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு எழுத்துகூட வீணாக்காதே என்று அம்மா சொன்னதால்தான் 'கள்' போடவில்லை. அதுமட்டும்தானா? ஒருத்தர் வந்தாலே போதும் என்று ஏங்கிக் கிடந்தவளுக்குப் பலர் என்ற நினைப்பே வரவில்லை.

'வருபவர்' என்பதற்குப் பின்னால் இரண்டு எழுத்தைச் சேர்த்தாள்: 'கள்'. தம்பி மறுபடி மளமளவென்று எழுதினான்.

அம்மாவின் கைப்பேசியை எடுத்துக்கொண்டு சுண்டு ஒரே ஓட்டமாகக் கீழே இறங்கினாள். படிக்கட்டில் இருந்த நெட்டையின் முன்னால் போய் நின்றாள்.

"யாரும் உன் பேரை அழிக்கல. தப்பு என்னுதுதான். அந்தச் செயலியைச் செஞ்சது நான். 'கள்' போடாம விட்டுட்டேன்."

"என்ன போடாம விட்டே?" இரட்டையர்களும் வந்து சேர்ந்தார்கள்.

"'வருபவர்கள்'னு எழுதணும். 'வருபவர்'னு எழுதிட்டேன். அது ஒரே ஒரு ஆளுக்கு மரியாதை குடுத்துட்டு, மத்தவங்களைத் தூக்கிடுச்சு."

சின்ன ரெட்டை கண்ணை விரித்தான். "அப்போ எங்க ரெண்டு பேரையும் ஒரே ஆள்னு நினைச்சிடுச்சா? எங்க டீச்சர் மாதிரியே!"

நெட்டைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. பெரிய ரெட்டை அவள் பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்தான். "பாத்தியா, நாங்க அழிக்கலைன்னு சொன்னோம்ல?"

"சரிடா, சாரி."

மூவரும் அம்மாவின் கைப்பேசியிலேயே பெயர்களைத் தட்டிப் பார்த்தார்கள். ஒன்று, அதன்கீழ் இன்னொன்று, அதன்கீழ் மற்றொன்று. எதுவும் மறையவில்லை.

"அப்ப நான் கிளம்பறேன்" என்று சுண்டு கைப்பேசிக்காகக் கையை நீட்டினாள்.

நெட்டை கொடுக்கவில்லை. திரையை மேலும் கீழும் தள்ளித் தேடினாள். "இதுல உன் பேரு எங்க?"

"நான்... நான் செஞ்சவதானே."

"செஞ்சவங்க விளையாட வரக்கூடாதுன்னு ஏதாவது எழுதி வச்சிருக்கியா?"

"இல்லையே."

"பின்னே என்ன? பேரைச் சொல்லு, நானே போடறேன்."

"வீட்டுல சுண்டுன்னு கூப்பிடுவாங்க" என்றாள். நெட்டை ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினாள். மாடி எது என்று கேட்டு அதையும் போட்டாள்.

கண்ணாமூச்சி ஆட்டம் தொடங்கியது. எங்கே ஒளிவது என்று தெரியாமல் சுண்டு ஒரு காரின் பின்னால் குனிந்தாள். அவள் பின்னல் வெளியே தெரிந்தது.

"சுண்டு அவுட்! சுண்டு அவுட்!"

மூன்று பேரும் சேர்ந்து போட்ட கூச்சல் ஹெட்போனையும் தாண்டி அம்மாவுக்குக் கேட்டது. அவர் பதறிப்போய் ஜன்னலுக்கு ஓடிவந்து எட்டிப் பார்த்தார். முதல் ஆளாகத் தோற்றுப்போன அவர் மகள் காரைச் சுற்றிச் சுற்றிக் குதித்துக்கொண்டிருந்தாள்.