பதினொன்று இருபது

பகல் 12.15. விண்ணாய்வு நிலையத்தின் பதிவறைக் கதவைத் திறந்த டாக்டர் அம்மாள் வாசலிலேயே நின்றுவிட்டார்.

பதிவு இயந்திரத்தில் டிஸ்க் இருக்க வேண்டிய இடம் காலி. அவருடைய நாற்பது நாள் ஆராய்ச்சி அந்த ஒரே டிஸ்க்கில்தான் இருந்தது. நகல் எடுக்கப் புது டிஸ்க் வாங்கத்தான் காலையில் நகரத்துக்குப் போயிருந்தார். வாங்கிய பை இன்னும் தோளில் தொங்கியது.

1.05. இன்ஸ்பெக்டர் அம்மாளைப் பதிவறை வாசலிலேயே மறித்தார் நிலையத்தின் காவலர்.

"போனை அணைச்சுக் குடுத்துடுங்க மேடம். இது ரேடியோ தொலைநோக்கி. ஒரு போன் பேசினாப் போதும், வானத்துல இருந்து வர்றது அமுங்கிப் போயிடும்."

"கதவுக்குப் பூட்டு இல்லையே?"

"நான்தான் பூட்டு. பதினொண்ணு பத்துக்குக் கேட்டுல ஒரு லாரி அனுமதியில்லாம வந்துது. திருப்பி அனுப்பப் போனேன். பதினொண்ணு இருபத்தஞ்சுக்குத் திரும்பிட்டேன்."

திருட்டு அந்தப் பதினைந்து நிமிடத்தில். அப்போது வளாகத்தில் இருந்தவர்கள் வேறு இரண்டே பேர். ஆன்டெனா மைதானத்தில் தனியாகக் கேபிள் சரிபார்த்துக்கொண்டிருந்த உதவியாளப் பெண் ஒருத்தி. மைதானத்தின் மறுகோடியில், திரை அறையில் உட்கார்ந்திருந்த அலுவலக மேலாளர். அவர் டாக்டரின் கணவர்.

"அவதான்," என்றார் டாக்டர். "போன வாரம் எல்லார் முன்னாடியும் திட்டினேன். அந்தக் கோபம்."

உதவியாளருக்குக் கண் கலங்கியது. "கோபம் இருந்துது மேடம். அதுக்காக இதைச் செய்வேனா?"

1.40. திரை அறை. பதிவறையிலிருந்து வேகமாக நடந்தும் இன்ஸ்பெக்டருக்குப் பதினைந்து நிமிடம் ஆனது. மேலாளர் நாற்காலி எடுத்துப் போட்டார்.

"நீங்க எங்க இருந்தீங்க சார்?"

"இங்கேதான். என் மனைவி டவுனுக்குப் போனதால என்னை உட்காரச் சொன்னா. அவ ஆராயற விண்பொருள் ஆன்டெனாவைத் தாண்டும்போது திரையில கோடு மேடு மாதிரி எழும்பும். அந்த நேரத்தை எழுதி வைக்கணும். நேத்து மாதிரியே பதினொண்ணு இருபதுக்கு வந்துது. கண்ணெடுக்காமப் பார்த்தேன்."

குறிப்பேட்டில் அப்படியே இருந்தது. அதற்கு மேலே டாக்டரின் கையெழுத்தில் முந்தைய நான்கு நாட்கள்: 11.32, 11.28, 11.24, 11.20. கடைசி வரி கணவர் எழுதியது: 11.20.

"திரையில வந்தது தங்குமா?"

"தங்காது. டிஸ்க்ல மட்டும்தான்."

இன்ஸ்பெக்டர் குறிப்பேட்டுடன் வெளியே வந்து உதவியாளரைத் தனியே அழைத்தார்.

"ஏம்மா, இந்த நேரமெல்லாம் ஏன் குறைஞ்சுக்கிட்டே வருது?"

"ஆன்டெனா அசையாது மேடம். பூமி சுத்துறதாலதான் விண்பொருள் அதுக்கு நேரா வருது. பூமி சூரியனையும் சுத்துது இல்லையா, அதனால நட்சத்திரமெல்லாம் தினமும் நாலு நிமிஷம் முன்னாடியே வந்துடும். நம்ம கடிகாரம் சூரியனுக்கு, இது நட்சத்திரத்துக்கு."

"ஒரு நாள் தவறுமா?"

"தவறவே தவறாது."

"சுவர்க் கடிகாரம்?"

"விநாடி பிசகாது."

2.20. எல்லோரையும் திரை அறைக்கு அழைத்தார் இன்ஸ்பெக்டர்.

"சார், இன்னிக்கு அந்த மேடு எழும்பினது பதினொண்ணு பதினாறுக்கு. இருபதுக்கு இல்ல. நீங்க பார்க்கலை. நேத்து வரியைப் பார்த்து எழுதிட்டீங்க. அந்த நேரத்துல எங்க இருந்தீங்க?"

மேலாளர் மனைவியைப் பார்த்தார். டாக்டர் குறிப்பேட்டைப் பிடுங்கிப் பார்த்தார். ஒரே பார்வையில் புரிந்துவிட்டது.

"பன்னெண்டு வருஷமா சாப்பிடும்போதெல்லாம் இந்த நாலு நிமிஷத்தைப் பத்தித்தானே பேசினேன்? தலையாட்டிக்கிட்டே இருந்தீங்களே!"

"காதுல விழுந்துது. மனசுல ஏறலை," என்றார் அவர், தரையைப் பார்த்தபடி. "இந்தக் கண்டுபிடிப்பு உறுதியாச்சுன்னா நீ வெளிநாட்டு ஆய்வு நிலையத்துக்குப் போயிடுவே. மேசையில கடிதத்தைப் பார்த்தேன். 'வேலையை ஏத்துக்கறேன்'னு எழுதியிருந்தே. என்னை ஒரு வார்த்தை கேட்டியா? நாளைக்கு நகல் எடுத்துட்டா எல்லாம் கைமீறிப் போயிடும். அதான், பதிவறைப் பக்கம் போய்க் காத்திருந்தேன். காவலர் கேட்டுக்கு ஓடினதும்…"

"டிஸ்க் எங்க?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"இந்த அறைக்குப் பின்னால, தண்ணித் தொட்டியில."

உதவியாளர் வாசலை நோக்கிப் பாய்ந்தாள். "காய வெச்சா பாதியாவது மிஞ்சும் மேடம்!"

டாக்டர் அசையவில்லை. "அந்தக் கடிதத்துக்கு ரெண்டாவது பக்கம் ஒண்ணு இருந்துது. படிச்சீங்களா?"

"இல்ல."

"கணவரோடதான் வருவேன், அவருக்கும் ஒரு வேலை வேணும், இல்லாட்டி வரலைன்னு எழுதியிருந்தேன். பதில் வந்தப்புறம் உங்ககிட்ட சொல்லலாம்னு வெச்சிருந்தேன்."

மேலாளர் ஓரடி முன்னால் வந்தார். மனைவியின் கையைத் தொட முயன்றார். டாக்டர் கையை இழுத்துக்கொண்டார்.

ஜன்னல் வழியே, தொட்டிக்குள் தோள்வரை கைவிட்டுத் துழாவிக்கொண்டிருந்த உதவியாளப் பெண் தெரிந்தாள். டாக்டர் சற்று நேரம் அதையே பார்த்தார்.

"அந்தப் பொண்ணுகிட்ட முதல்ல மன்னிப்புக் கேட்கணும்," என்றார். பிறகு இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினார். "புகாரை எழுதுங்க மேடம். கையெழுத்து நான் போடறேன். குற்றவாளிக்கு என்ன உறவுன்னு ஒரு இடம் வருமே, அதுல மனைவின்னே போட்டுடுங்க."