ஊதா என்றால் எந்த ஊதா?

கண்டிக்குப் பக்கத்தில் கடுகண்ணாவையில், ரயில் பாதைக்கு மேலே உள்ள சரிவில் இருக்கிறது ஜெசியின் வீடு. ஜெசியின் அப்பா பிறப்பதற்கும் முன்னால் யாரோ ஆசை ஆசையாகக் கட்டிய வீடு அது. அந்த மாதிரி வீட்டை ஊரில் 'அமெரிக்கன் ஸ்டைல்' என்பார்கள். முன் சுவர் நேராக நிற்காமல் கொஞ்சம் சாய்ந்து நிற்கும். வாசல் தூண்களும் சாய்ந்தே நிற்கும். ஜெசியின் அறையில், கப்பலில் இருப்பது போல ஒரு வட்ட ஜன்னல்.

"இதைக் கட்டின மனுசருக்குத் தலைச்சுத்து இருந்திருக்கும்" என்று அம்மா அடிக்கடி சொல்வார். சொல்லிவிட்டுத் தூணைத் தட்டிக்கொடுப்பார். அவருக்கு அந்த வீட்டை அவ்வளவு பிடிக்கும்.

போன வருடம்தான் அதை வாங்கினார்கள். கூரை ஒழுகியது. ஜன்னல் கம்பிகள் துருப்பிடித்திருந்தன. வேலைக்கு ஆள் பிடிக்காமல் தாங்களே திருத்துவதென்று மூன்று பேரும் முடிவு செய்தார்கள். மெல்ல மெல்ல, போயா என்னும் முழுநிலா விடுமுறைக்கு ஒரு வேலை.

போயா விடுமுறையில் அக்கம்பக்கத்தவர்கள் வெள்ளை உடுத்து விகாரைக்குப் போவார்கள். ஜெசி வீட்டிலோ, இருப்பதிலேயே கிழிந்த உடுப்பைத் தேடி உடுத்துவார்கள்.

ஒரு போயாவில் கூடத்து ரப்பர் விரிப்பைச் சுருட்டி எடுத்தார்கள். அடியில் பழைய சிவப்புச் சீமெந்துத் தரை தூங்கிக்கொண்டிருந்தது. பொலிஷ் பூசி, தேங்காய் மட்டையைக் காலால் மிதித்துத் தேய்த்தார்கள். தேய்க்கத் தேய்க்கத் தரையில் முகம் தெரிந்தது. ஜெசி மட்டையில் ஏறி வழுக்கிக்கொண்டே போய் அலுமாரியில் முட்டினாள். நல்ல வேளை, அலுமாரிக்கு ஒன்றும் ஆகவில்லை.

இந்த வீட்டில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. அப்பா மத்தியூ ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். அம்மா றேணுகா யாழ்ப்பாணத்தில், குருநகர்க் கடற்கரையில் பிறந்தவர். அதனால் வீட்டில் எல்லாவற்றுக்கும் இரண்டு பெயர். அப்பாவுக்கு ஜன்னல், அம்மாவுக்கு யன்னல். அப்பாவுக்குப் பப்பாளி, அம்மாவுக்குப் பப்பாப்பழம். "வெரசா வா" என்பார் அப்பா. "கெதியா வா" என்பார் அம்மா. ஜெசி இரண்டுக்கும் ஒரே வேகத்தில், ஆடி அசைந்துதான் வருவாள்.

அப்பாவிடம் "தாங்க" என்பாள், அம்மாவிடம் "தாங்கோ" என்பாள். யாருக்கு எந்தச் சொல் என்பது அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு.

அப்படிப்பட்ட ஜெசியே ஏமாந்துபோன கதைதான் இது.

வீட்டின் வெளிச்சுவருக்கு நிறம் பூசும் முறை வந்தது. சனிக்கிழமை காலை அப்பா வேலைக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று தயங்கினார்.

"றேணு, பெயின்ட் வாங்கப் போறப்ப ஊதா வாங்கிட்டு வா. வெளிப்பக்கத்துக்கு ஊதா பூசணும்னு ரொம்ப நாளா ஒரு ஆசை."

சொல்லிவிட்டுக் கொஞ்சம் வெட்கத்தோடு படியிறங்கிப் போனார்.

அம்மா அவர் போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றார். "ஊதாவோ?" என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டார்.

கடைவீதியில் நிஸாம் நானாவின் ஹாட்வெயார் கடை இருக்கிறது. அவர் நிற அட்டையை விரித்தார். அம்மா விரலை அங்கும் இங்கும் ஓடவிட்டு, கடைசியில் ஓர் இடத்தில் வைத்தார். நாவல் பழம் தின்ற நாக்கின் நிறம் அது.

"ஊதாவா? நல்லா யோசிச்சுக்கோங்க தங்கச்சி" என்றார் நிஸாம் நானா. "மிஷின்ல கலந்துட்டா நான் திருப்பி எடுக்க ஏலாது."

அம்மா அட்டையை மூடிக் கொடுத்தார். "ஓம் நானா, ஊதாதான்."

மிஷின் வாளியைக் கடகடவென்று குலுக்கியது. ஜெசியின் மனமும் கூடவே குதித்தது. அவளுக்கு உலகத்திலேயே பிடித்த நிறம் அதுதான். நம் வீடு இந்த நிறத்தில் இருக்கப் போகிறதா என்று அவளால் நம்பவே முடியவில்லை.

போயா வந்தது. அப்பா ஏணியைச் சாய்த்து வைத்து, வாளியின் மூடியைத் திறந்தார். திறந்தவர் அப்படியே நின்றார்.

"நல்லா இருக்கோ?" என்று கேட்டார் அம்மா.

"ம்... நல்லா இருக்கு. உனக்கு?"

"ஓம். வடிவா இருக்கு."

இருவரும் ஆளுக்கொரு பிரஷை எடுத்துக்கொண்டார்கள். ஜெசிதான் பாட்டுப் பாடிக்கொண்டே சுவரின் அடிப்பக்கத்தைப் பூசினாள். சாய்ந்த முன் சுவர் முடிந்தபோது மழை பிடித்துக்கொண்டது. மற்றச் சுவர்களை அடுத்த போயாவுக்குப் பார்ப்போம் என்று வாளியை மூடி வைத்தார்கள்.

அன்று பின்னேரம் அம்மா பிரஷ்களைக் கழுவிக்கொண்டிருந்தார். ஜெசி பக்கத்தில் குந்தியிருந்தாள்.

"பிள்ளை, ஒரு கதை சொல்லுறன். ஒருத்தரிட்டையும் சொல்லக் கூடாது" என்றார் அம்மா.

"சொல்ல மாட்டன்."

"எனக்கு அந்த நிறம் பிடிக்கேல்லை. பாக்கேக்கை நெஞ்சுக்குள்ளை என்னவோ செய்யுது. ஆனா அப்பா தனக்கெண்டு ஒரு நாளும் ஒண்டும் கேக்கிறேல்லை. கேட்ட ஒண்டு இதுதான். அதை எப்பிடி நான் வேண்டாமெண்டிறது?"

ஜெசி தலையாட்டினாள். பாவம் அம்மா என்று நினைத்தாள்.

மறுநாள் அப்பா ஏணியைக் கட்டி வைக்கும்போது அவளைக் கிட்டக் கூப்பிட்டார்.

"ஜெசி, அம்மாகிட்ட சொல்லிறாத. எனக்கு இந்தக் கலரு கொஞ்சமும் புடிக்கல."

"அப்ப ஏன்பா பூசினீங்க?"

"நான் ஒண்ணு சொன்னேன், அவ வேற ஒண்ணு வாங்கிட்டு வந்துட்டா. ஆசைப்பட்டுத்தானே வாங்கியிருப்பா? அவ சந்தோசமா இருந்தாச் சரி. சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணு."

சத்தியமும் பண்ணியாயிற்று. ஆனால் ஜெசிக்குத் தலை சுற்றியது. அப்பா ஊதா என்றுதானே சொன்னார்? அவள் காதால் கேட்டாளே. அம்மாவும் ஊதாதானே வாங்கினார்? இதில் வேறு ஒன்று எங்கிருந்து வந்தது?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, தேவாலயப் பூசையால் வந்து அப்பாவும் அவளும் வாசல் படியில் உட்கார்ந்து கச்சான் கடலை உடைத்துக்கொண்டிருந்தார்கள். கீழே ரயிலின் கூவல் கேட்டது.

"அந்தா பாரு, ஊதா ரயிலு" என்றார் அப்பா.

ஜெசி எட்டிப் பார்த்தாள். மரங்களுக்கு இடையில் ஒரு நீல ரயில் வளைந்து போய்க்கொண்டிருந்தது.

"எந்த ரயில்பா?"

"அந்தா போகுதே, அந்த ஊதா ரயிலுதான். நான் சாயங்காலம் கண்டியில இருந்து வர்றதும் அது மாதிரி ஒண்ணுலதான்."

ஜெசி ரயிலைப் பார்த்தாள். சுவரைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். வாயில் போட்ட கச்சானை மென்று விழுங்க மறந்துவிட்டாள்.

ஒரு பொருளுக்கு இரண்டு சொல் இருக்கும் வீடு இது என்று அவளுக்குத் தெரியும். ஒரே சொல்லுக்கு இரண்டு பொருள் இருக்கும் என்று அவள் நினைத்ததே இல்லை. அப்பாவின் ஊதா நீலம். அம்மாவின் ஊதா நாவல் பழம்.

சொல்லலாம் என்று வாயைத் திறந்தவள் மூடிக்கொண்டாள். அம்மாவுக்குக் கொடுத்த வாக்கு ஒரு பக்கம். அப்பாவுக்குச் செய்த சத்தியம் மறுபக்கம். அதோடு இன்னொன்றும் இருந்தது. சொன்னால் அந்தச் சுவர் போய்விடும்.

சும்மா இருந்தால் அடுத்த போயாவில் முழு வீடும் நாவல் நிறமாகிவிடும். அவள் ஒரு பொய்கூடச் சொல்ல வேண்டியதில்லை. பேசாமல் இருந்தால் போதும்.

இரண்டு நாள் பேசாமல்தான் இருந்தாள். ஆனால் கண்ணை மூடிக்கொள்ள முடியவில்லையே. ஆஸ்பத்திரி வேலை முடிந்து வரும் அம்மா, முன்பெல்லாம் கேற்றடியில் நின்று வீட்டை ஒரு தரம் பார்த்துச் சிரித்துவிட்டுத்தான் உள்ளே வருவார். இப்போது கேற்றைத் திறந்ததும் கைப்பைக்குள் எதையோ தேடிக்கொண்டே வாசல்வரை வருகிறார். அப்பா முன்வாசல் பக்கமே வருவதில்லை. "சப்பாத்துல சேறு" என்று சொல்லிப் பின்பக்கக் குசினி வழியாக வருகிறார். அந்த இரண்டு நாளும் மழையே பெய்திருக்கவில்லை.

ஜெசிக்கு மனம் கேட்கவில்லை. அவள் யோசித்தாள். வாக்குத் தவறாமல் விஷயத்தை வெளியே கொண்டுவர ஒரு வழி இருந்தது.

பின்னேரத் தேநீருக்கு மூவரும் உட்கார்ந்தார்கள். ஜெசி தன் கலர் பென்சில் பெட்டியைக் கொண்டுவந்து மேசையில் கொட்டினாள்.

"அப்பா, அதுல ஊதாவ எடுத்துத் தாங்க."

அப்பா தேநீரைக் குடித்துக்கொண்டே நீலப் பென்சிலை எடுத்து நீட்டினார்.

ஜெசி அதை வாங்கிப் பக்கத்தில் வைத்தாள். "அம்மா, நீங்க ஊதாவை எடுத்துத் தாங்கோ."

அம்மா நாவல் நிறப் பென்சிலை எடுத்தார். எடுத்த கை நடுவழியில் நின்றது.

"இஞ்சருங்கோ, அது நீலமெல்லோ?"

"நீலமும் ஊதாவும் ஒண்ணுதானே? உன் கையில இருக்கிறது கத்தரிப்பூ கலரு."

"இதுதானே ஊதா."

இரண்டு பென்சில்களும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. மூவரும் அவற்றைப் பார்த்தார்கள். பிறகு அப்பாவும் அம்மாவும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"அப்ப நீங்க கேட்டது..." என்றார் அம்மா.

"நீலம். அந்த வட்ட ஜன்னலைப் பாத்தா எனக்குக் கப்பல் ஞாபகம் வரும். நீ கடற்கரையில வளந்தவ, மலைக்கு வந்து உக்காந்திருக்க. கடலைக் கொண்டார முடியாது. செவுத்துலயாவது அந்தக் கலரு இருக்கட்டுமேன்னு நெனச்சேன்."

அம்மாவின் கண் நிறைந்துவிட்டது. அதற்குள் சிரிப்பும் வந்துவிட்டது. "நான் உங்களுக்காகக் கண்ணை மூடிக்கொண்டு இதை வாங்கினனான்."

"நான் உனக்காகக் கண்ணை மூடிக்கிட்டுப் பூசினேன்."

இருவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அப்பாவுக்குத் தேநீர் புரையேறியது. அம்மா அவர் தலையில் தட்டினார். ஜெசி ஓர் ஓரமாக உட்கார்ந்து நாவல் நிறப் பென்சிலை உருட்டிக்கொண்டிருந்தாள்.

அம்மாதான் முதலில் கவனித்தார். "உனக்கென்ன பிள்ளை?"

"ஒண்டுமில்லை. எனக்கு அந்தச் சுவர் பிடிச்சிருந்தது. சரியான விருப்பம்."

அப்பா சிரிப்பை நிறுத்தினார். "அப்ப நீ வாயத் தொறக்காம இருந்திருந்தா முழு வீடும் உன் கலராகியிருக்குமே. ஏன் கண்ணு காட்டிக் குடுத்த?"

ஜெசி பென்சிலைப் பார்த்தபடி சொன்னாள். "நீங்க ரெண்டு பேரும் வீட்டப் பாக்காமலே வீட்டுக்குள்ள வர்றீங்க."

அம்மா அவளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். ஒன்பது வயதுப் பிள்ளை மடிக்குப் பெரிசுதான். ஆனாலும் அம்மா இறக்கிவிடவில்லை.

நிஸாம் நானாவின் கடைக்கு இந்த முறை அப்பாவே போனார், ஜெசியையும் கூட்டிக்கொண்டு.

"என்ன கலர் வேணும்?" என்று கேட்டார் நிஸாம் நானா.

அப்பா வாயைத் திறக்கவே இல்லை. அட்டையில் நீலத்தின்மேல் விரலை வைத்துக் காட்டினார்.

அடுத்த போயாவுக்குச் சாய்ந்த சுவரும் மற்றச் சுவர்களும் நீலமாயின. அம்மா கேற்றடிவரை போய்த் திரும்பி நின்று, நெடுநேரம் பார்த்தார். மிச்சமிருந்த நாவல் நிற வாளியை அப்பா ஜெசியின் அறைக்குத் தூக்கிக்கொண்டு போனார். நான்கு சுவருக்கும் அது போதுமாக இருந்தது. வாளியின் அடியில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்ததையும் அம்மா விடவில்லை. ஏணியில் ஏறி, வட்ட ஜன்னலின் வெளி விளிம்பைச் சுற்றி அழகாகப் பூசிவிட்டார்.

"கெதியா இறங்குங்கோ, மழை வருது" என்றார் அப்பா.

"வெரசா ஏணியப் புடிங்க" என்றார் அம்மா.

ஜெசிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

மறுநாள் மாலை கண்டியிலிருந்து ரயில் வளைவில் திரும்பும்போது, அப்பா கதவோரம் வந்து நின்று மேலே பார்த்தார். ஊதா ரயிலில் இருந்து அவர் கை காட்டினார். ஊதா ஜன்னலில் இருந்து ஜெசி கை காட்டினாள்.