மழையிலும் தொண்ணூற்றைந்து டிகிரி

எங்கள் வீட்டுக் குளியலறை வாளிக்கு ஐந்து கோழிக்குஞ்சுகள் கிடைக்கும் என்பது அந்த டிசம்பர் மாதம் வரை எங்களில் யாருக்கும் தெரியாது. கண்டுபிடித்தவன் என் தம்பி அம்பி. வயது ஆறு. பள்ளிக்கூடத்தில் அவன் பெயர் ஸ்ரீவத்சன்.

அரையாண்டுப் பரீட்சை முடிந்து லீவு விட்டிருந்தார்கள். அம்மா மதியம் கொஞ்சம் கண்ணயர்ந்திருந்தாள். அப்போது சித்திரக்குளத்துப் பக்கமிருந்து எங்கள் தெருவுக்குள் ஒரு சைக்கிள்காரர் வந்தார். பின்னால் பெரிய மூங்கில் கூடை.

"பழைய பிளாஸ்டிக்குக்குக் கோழிக்குஞ்சே! இன்னா தம்பி, ஓட்டை வாளி, ஒடஞ்ச கொடம் எதுனா கீதா?"

எங்கள் வாளி ஓட்டையும் இல்லை, உடையவும் இல்லை. கைப்பிடி மட்டும்தான் போயிருந்தது. அதுவே போதும் என்று அம்பி முடிவு செய்துவிட்டான்.

நான் கதைப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கியபோது, சட்டையை மடித்துப் பிடித்தபடி எதிரில் நின்றான். சட்டைக்குள்ளிருந்து கீச் கீச் என்று ஒரே சத்தம். எட்டிப் பார்த்தேன். இரண்டு மஞ்சள், ஒரு பச்சை, ஒரு நீலம், ஒரு ரோஸ். எல்லாம் சாயம் போட்ட குஞ்சுகள்.

"ஸஹானா, இது ஜானு," என்று ரோஸ் குஞ்சைக் காட்டினான். அதுதான் ஐந்திலும் சின்னது. வீட்டுக்குள் நுழைவதற்கு முன்பே அதற்குப் பெயர் வைத்தாகிவிட்டது!

சத்தம் கேட்டு அம்மா எழுந்து வந்தாள். வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"ஏண்டா அம்பி, குளிக்கற வாளியைக் குடுத்துட்டா இதை வாங்கிண்டு வந்தே? நம்மாத்துல கோழியா?"

"கோழி இல்லேம்மா. குஞ்சு."

"குஞ்சு வளர்ந்தா என்னடா ஆகும், யானையா ஆகும்?"

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அம்மா சிரிக்கவில்லை. போன வருஷம் மரத்திலிருந்து விழுந்த அணில்குட்டி ஒன்றை நாங்கள் எடுத்து வந்தோம். அம்மாதான் பஞ்சில் பால் நனைத்துக் கொடுத்தாள். இரண்டாம் நாள் அது செத்துப் போயிற்று. அன்று அம்மா சாப்பிடவே இல்லை.

"எனக்கு அந்தக் கஷ்டம் இன்னொரு தரம் வேண்டாம்," என்றாள் அம்மா. "ருக்சார் ஆத்துலதான் கோழி வளர்க்கறாளே, அங்கே குடுத்துடுங்கோ."

ருக்சார் என் வகுப்புத் தோழி. எங்கள் பின்சுவருக்கு அந்தப் பக்கம்தான் அவள் வீடு. கூப்பிட்டதும் ஒரே தாவலில் சுவர் மேல் ஏறி உட்கார்ந்தாள்.

"ஐயோ, எவ்ளோ குட்டியா கீது! இப்ப எங்க மாடிக்கு எடுத்துனு போனா எங்க சேவல் ஒரே கொத்துல முடிச்சிடும்டி. ரெக்கை நல்லா முளைக்கட்டும். ஒரு நாலு வாரம் வெச்சுக்கோ, அப்புறம் நான் வாங்கிக்கறேன்."

அம்பி அவளைச் சந்தேகமாகப் பார்த்தான். "வாங்கிண்டு சாப்பிட்டுடுவியா?"

"போடா லூசு! பேர் வெச்சதை யாராவது சாப்புடுவாங்களா?"

அவ்வளவுதான். ஒரே நிமிஷத்தில் மற்ற நான்கு குஞ்சுகளுக்கும் பெயர் வந்துவிட்டது. மஞ்சள் இரண்டும் லட்டு, பூந்தி. பச்சை மிளகாய். நீலம் போலீஸ்.

"நாலு வாரமா!" என்று அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். "நடுவுல ஒண்ணுக்கு ஏதாவது ஆயிடுத்துன்னா?"

அம்பி என்னைப் பார்த்தான். எப்போதும் இப்படித்தான். வாங்கி வருவது அவன், முழிப்பது நான். ஆனால் ஜானு என் உள்ளங்கையில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டதும் எனக்குக் கோபமெல்லாம் போய்விட்டது.

"ஒண்ணும் ஆகாதும்மா. நான் பாத்துக்கறேன்," என்றேன்.



ஐந்து மணிக்கு அப்பா விடைத்தாள் கட்டோடு வந்தார். அப்பா பெயர் கஸ்தூரிரங்கன். பள்ளிக்கூடத்தில் பௌதிக ஆசிரியர். நவம்பர் பிறந்தால் போதும், காதை மூடும் குரங்குக் குல்லாய் அவர் தலையில் ஏறிவிடும். பொங்கலுக்கு அப்புறம்தான் இறங்கும். சென்னையில் எங்கே குளிர் என்று யாரும் அவரிடம் கேட்கக்கூடாது.

குஞ்சுகளைப் பார்த்ததும் அப்பா கோபிக்கவில்லை. உடனே போன் பக்கம் போனார். கால்நடை டாக்டராக இருக்கும் அவருடைய நண்பர் சாய்நாத்தைக் கூப்பிட்டார்.

"ம்... ம்... தாய்க்கோழி இல்லாததால நாமதான் சூடு குடுக்கணுமா? எவ்வளவு? தொண்ணூத்தஞ்சு டிகிரி பாரன்ஹீட். போதும்டா, மத்தது நான் பாத்துக்கறேன்!"

அந்த மாமா மேலே ஏதோ சொல்லிக்கொண்டிருக்கும்போதே அப்பா போனை வைத்துவிட்டார்.

அப்புறம் ஒரே அமர்க்களம்தான். பரணிலிருந்து டிவி வந்த அட்டைப்பெட்டியை இறக்கினோம். அதைக் கொல்லைத் தாழ்வாரத்தில் வைத்து அப்பா உள்ளே செய்தித்தாள் விரித்தார். குஞ்சுகள் அதில் சர் சர்ரென்று வழுக்கின. போலீஸின் கால் இரண்டும் இரண்டு பக்கம் போயிற்று. நான் ஓடிப்போய்ப் பழைய கோணிச்சாக்கு ஒன்றைக் கொண்டுவந்து மேலே விரித்தேன். அப்புறம்தான் நிம்மதியாக நின்றன. குடிக்கத் தட்டில் தண்ணீர் வைத்தோம். குஞ்சு உள்ளே விழுந்து முழுகாமலிருக்க அம்பி தன் கோலிக்குண்டுகளை அதில் பரப்பினான். ருக்சார் ஒரு டம்ளர் அரிசி நொய் கொடுத்துவிட்டுப் போனாள்.

பல்புக்குத்தான் சிக்கல். எங்கள் வீடு முழுக்க டியூப் லைட். டியூப் லைட்டில் சூடு ஏது? குண்டு பல்பு இருந்த ஒரே இடம் குளியலறை. அப்பா அதைக் கழற்றி, ஒயரில் மாட்டி, பெட்டிக்குக் குறுக்கே வைத்த மர ஸ்கேலில் தொங்கவிட்டார்.

"பேஷ்!" என்றாள் அம்மா. "வாளியும் இல்லே, விளக்கும் இல்லே. இனிமே எல்லாரும் இருட்டுல நின்னுண்டு தலையைத் தடவிக்க வேண்டியதுதான்."

கடைசியாக அப்பா அலமாரியிலிருந்து காய்ச்சல் தெர்மாமீட்டரை எடுத்தார். பெட்டிக்குள் குஞ்சுகளின் உயரத்துக்கு அதை நூலால் கட்டினார். பல்பைக் கொஞ்சம் ஏற்றினார், கொஞ்சம் இறக்கினார், தெர்மாமீட்டரை உதறி மறுபடி கட்டினார். அரை மணி நேரம் கழித்துத் துள்ளிக் குதித்தார்.

"சரியா தொண்ணூத்தஞ்சு! பாதரசம் கோட்டு மேல நிக்கறது பார்!"

குஞ்சுகளும் நொய்யைக் கொத்திக்கொண்டு பெட்டி முழுக்க ஓடி விளையாடின. ஜானு கோலிக்குண்டு ஒன்றைக் கொத்தப் பார்த்து ஏமாந்தது. அப்பா நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து விடைத்தாள் திருத்த ஆரம்பித்தார்.

ஏழு மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. எங்கள் தெருவில் சாயங்காலம் எல்லா வீட்டிலும் விளக்குப் போட்டதும் கரண்ட் பலம் குறைந்துவிடும். அன்றும் பல்பு மெல்ல மெல்ல மங்கி, ஆரஞ்சுச் சுளை நிறத்துக்கு வந்தது.

நான்தான் முதலில் கவனித்தேன். ஓடிக்கொண்டிருந்த குஞ்சுகள் எல்லாம் பல்புக்கு அடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குவியலாகக் கிடந்தன. சத்தமும் மாறியிருந்தது. சாயங்காலம் கேட்டது கொறிக்கிற மாதிரி சின்னச் சின்னக் கீச். இப்போது நீளமாக, விடாமல், அழுகிற மாதிரி இருந்தது.

"அப்பா, குஞ்சுக்கெல்லாம் குளிர்றது."

அப்பா குனிந்து தெர்மாமீட்டரைப் பார்த்தார். "தொண்ணூத்தஞ்சு. கரெக்டா இருக்கு. தூக்கம் வந்திருக்கும்மா."

கால் மணி போயிற்று. குவியலிலிருந்து ஜானு மட்டும் ஓரமாகச் சரிந்து விழுந்தது. எழுந்திருக்கவில்லை. அம்பி என் பாவாடையைப் பிடித்துக்கொண்டான்.

"அப்பா, ப்ளீஸ், சரியாப் பாருங்கோ!"

"பாத்தாச்சு. அதே தொண்ணூத்தஞ்சு. தெர்மாமீட்டர் பொய் சொல்லுமா?"

எனக்கு ஒரே ஆத்திரம். குஞ்சு மட்டும் பொய் சொல்லுமா? அது எதற்குப் பொய் சொல்ல வேண்டும்? ஆனால் பௌதிக ஆசிரியரிடம் யார் வாதாடுவது?

சமையலறை வாசலில் அம்மா நின்றிருந்தாள். அவள் பெட்டிப் பக்கம் வரவில்லை, தள்ளியே நின்றாள். அவள் முகத்தைப் பார்த்ததும் எனக்கு அந்த அணில்குட்டி ஞாபகம் வந்தது. அதோடு இன்னொன்றும் ஞாபகம் வந்தது.

எனக்குக் காய்ச்சல் வந்தபோதெல்லாம் அம்மா தெர்மாமீட்டரை என் வாயிலிருந்து எடுப்பாள். உடனே பார்க்க மாட்டாள். மூக்குக் கண்ணாடியைத் தேடுவாள். ஜன்னலோரம் போவாள். திருப்பித் திருப்பிப் பிடிப்பாள். அதுவரைக்கும் பாதரசம் எங்கே நின்றதோ அங்கேயே நிற்கும்! அப்புறம் அம்மா உதறினால்தான் இறங்கும்.

நான் நூலை அவிழ்த்துத் தெர்மாமீட்டரை எடுத்தேன். கொல்லைக் கதவைத் திறந்து கொட்டுகிற மழையில் போய் நின்றேன்.

"ஏய், ஸஹானா! நனையாதே! சளி பிடிக்கும்!" என்று அப்பா குல்லாயை இழுத்து விட்டுக்கொண்டே ஓடி வந்தார்.

பத்து எண்ணினேன். சொட்டச் சொட்ட உள்ளே வந்து தெர்மாமீட்டரை அவர் கையில் கொடுத்தேன்.

"இப்போ எத்தனை டிகிரிப்பா?"

அப்பா விளக்குப் பக்கம் திருப்பிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"தொண்ணூத்தஞ்சு," என்றார் மெதுவாக.

"மழையிலயுமா?"

அப்பா தன் நெற்றியில் தானே ஒரு அடி போட்டுக்கொண்டார்.

"அடடா! இது காய்ச்சல் தெர்மாமீட்டர்! ஏறும், உதறாம தானா இறங்காது. பத்தாம் கிளாஸ் பசங்களுக்கு வருஷா வருஷம் நான்தானே பாடம் நடத்தறேன்! என் புத்தியை என்ன சொல்றது!"

நாலு உதறு உதறிப் பெட்டிக்குள் வைத்தார். பாதரசம் முதல் கோட்டைக்கூடத் தொடவில்லை.

நான் அதற்குள் ஜானுவைக் கையில் எடுத்திருந்தேன். கால் இரண்டும் சில்லென்று இருந்தன. என் கையும் மழையில் சில்லிட்டிருந்தது. சூடான இடம் எங்கே என்று சுற்றிப் பார்த்தேன். அப்பாவின் தலை தெரிந்தது.

"அப்பா, குனியுங்கோ."

குனிந்தார். குல்லாயைச் சரக்கென்று உருவினேன். அப்பாவின் தலைச் சூடு அப்படியே அதில் இருந்தது. ஜானுவை உள்ளே வைத்து, மூக்கு மட்டும் வெளியே தெரிகிற மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன்.

"தள்ளு, தள்ளு," என்று பின்னால் குரல் கேட்டது. அம்மா! கையில் ரப்பர் ஒத்தடப் பை. வெந்நீர் நிரப்பித் துண்டால் சுற்றி எடுத்து வந்திருந்தாள். பெட்டி ஓரமாகத் தரையில் உட்கார்ந்து, அதைக் கோணிமேல் பதமாக வைத்தாள். குஞ்சுகளை ஒவ்வொன்றாக எடுத்து அதன்மேல் விட்டாள். பிறகு தன் பழைய புடவையை மடித்துப் பெட்டியின் பாதியை மூடினாள்.

"வாடி கண்ணு, பூந்தி. நீ லட்டுவா? ரெண்டும் ஒரே மாதிரின்னா இருக்கு," என்று அவற்றோடு பேசவும் ஆரம்பித்துவிட்டாள்.

நாங்கள் நால்வரும் பெட்டியைச் சுற்றிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தோம். யாரும் தெர்மாமீட்டரைப் பார்க்கவில்லை. குஞ்சுகளையே பார்த்தோம். நீளமான அழுகை கொஞ்சம் கொஞ்சமாகக் குட்டையாயிற்று. மிளகாய் குவியலை விட்டு இறங்கித் தண்ணீர் குடித்தது. போலீஸ் ஒரு சுற்று ரோந்து போய் வந்தது.

குல்லாய்க்குள் ஒரு அசைவு. அப்புறம் ஒரே ஒரு கீச்.

அம்பி "ஜானு!" என்று கத்தினான். அம்மா புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்பா வெறும் தலையோடு உட்கார்ந்து சிரித்தார். அவர் தும்மியதை அன்று யாரும் கண்டுகொள்ளவில்லை.

நான்கு வாரங்களும் எங்கள் வீட்டில் அட்டைப்பெட்டிதான் ராஜ்ஜியம். அப்பா தினமும் காலையில் குனிந்து, "எல்லாரும் பரவலா உக்காந்திருக்காளா? சரி, சூடு சரியா இருக்கு," என்று எங்களிடம் சொல்லிவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போவார். குல்லாய் ஜானுவின் படுக்கையாகிவிட்டது. அம்மா புது வாளி வாங்கியபோது, கைப்பிடி கெட்டியாக இருக்கிறதா என்று பத்துத் தடவை ஆட்டிப் பார்த்தாள்.

பொங்கல் முடிந்து சாயமெல்லாம் போய், ஐந்தும் வெள்ளையாக, முழு இறக்கையோடு நின்றன. பெட்டியைத் தூக்கிக்கொண்டு ருக்சார் வீட்டு மாடிக்குப் போனோம். அம்பி முன்னாலேயே ஓடிவிட்டான்.

நாங்கள் மேலே போனபோது ருக்சாரின் அப்பா அப்துல் கய்யூம் மாமா இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டிருந்தார்.

"பாரும்மா ஸஹானா! உன் தம்பி வந்ததும் வராததுமா எங்க பதினோரு கோழிக்கும் பேர் வெச்சுட்டான். பேர் வெச்சா சாப்புடக்கூடாதுன்னு எங்க ருக்சார் சட்டம் வேற போட்டுகினு கீறா. இனிமே இந்த வீட்ல பிரியாணிக்கு இன்னா வழி?"

"சேவல் இருக்கே, மாமா," என்றேன்.

"அதுக்கும் வெச்சாச்சு!" என்றான் அம்பி பெருமையாக. "கஸ்தூரிரங்கன்!"

"டேய், அப்பா பேரையா வெச்சே!"

"பின்னே? எப்பப் பாரு தலையில குல்லாய் போட்டுண்டிருக்கே!"

சேவல் தன் சிவப்புக் கொண்டையை ஆட்டியபடி கம்பீரமாக நடந்து வந்தது. ஜானுவை ஒரு பார்வை பார்த்தது. கொத்தாமல் வழிவிட்டது.

சேவலின் பெயரை மட்டும் அப்பாவிடம் இன்னும் யாரும் சொல்லவில்லை.