மூன்றாவது பெட்டியின் சத்தம்

பேட்டரி இல்லாத பெட்டி 'டக்' என்றது.

சுந்தரராமன் காப்பி டம்ளரைக் கீழே வைத்தான். ஆடி மழை மாதுங்கா மாடிவீட்டை மத்தியானத்திலேயே இருட்டாக்கியிருந்தது. கீழே டிராம் மணி, மாடிப்படியில் ஈரச் சாக்கின் வாடை, பக்கத்து வீட்டில் கடுகு தாளிக்கும் சத்தம். கட்டிலுக்கடியில் இருந்த ஒலிபெருக்கிப் பெட்டியை ரிப்பேர் பார்க்க ஆய்வகத்திலிருந்து கொண்டுவந்தவன் அவன்தான். பேட்டரிகளைக் கழற்றியதும் அவன்தான்.

எதிரே பாகீரதி மன்னி உட்கார்ந்திருந்தாள், ஆய்வகத்தில் அவனோடு வேலை பார்த்த பஞ்சுவின் மனைவி. "நாளைக்கு அவரோட மாசியம், மாசத் திதி. மலைக்குக் கூடப் போனவர் நீங்கோ. அவசியம் சாப்பிட வரணும்."

"வரேன், மன்னி."

வைகாசியில் அவனும் பஞ்சுவும் இமயமலையில் இருந்தார்கள். விண்வெளியிலிருந்து வரும் கதிர்கள் காற்றில் மோதிச் சிதறி மழையாய்ப் பொழிவதை எண்ணும் வேலை. பனியில் தள்ளித் தள்ளி மூன்று கருவிப் பெட்டிகள், கூடாரம்வரை ஒயர். துகள் பட்டால் கூடாரத்தில் இதே ஒலிபெருக்கியில் ஒரு 'டக்'. மூன்றும் சேர்ந்து ஒலித்தால் பொழிவு.

அன்று பனிப்புயலில் மூன்றாவது பெட்டி ஊமையானது. பஞ்சு ஒயரைப் பிடித்துக்கொண்டே போனான். ஒரு மணி நேரத்தில் சத்தம் வந்தது. டக். நான்கு எண்ணும் நேரம். டக். மறுபடி நான்கு.

கதிருக்குத் தாளம் கிடையாது. ஒயரைத் தட்டினாலும் அதே சத்தம் வரும் என்று சொல்லிக்கொடுத்தவனே பஞ்சுதான். தட்டிக் கூப்பிடுவது பஞ்சு என்று சுந்தரராமனுக்குத் தெரிந்தது, நன்றாகவே தெரிந்தது. ஆனால் ஸ்டவ் சூடாக இருந்தது, வெளியே காற்று ஊளையிட்டது. பெட்டி சரியாகிவிட்டது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஒவ்வொரு சத்தத்தையும் நோட்டில் குறித்தான். இருநூற்றுப் பன்னிரண்டு. அதோடு நின்றது.

காலையில் பனியில் விறைத்துக் கிடந்த பஞ்சுவின் விரல்களில் ஒயர் சுற்றியிருந்தது. வழுக்கி விழுந்ததுமே உயிர் போய்விட்டது என்று சுந்தரராமன் எல்லோரிடமும் சொன்னான். என்ன மனுஷன் நான், என்று தினமும் நினைத்தான். நினைத்ததோடு சரி.

"ஒண்ணு கேக்கணும்," என்றாள் பாகீரதி. "தினமும் சொப்பனத்தில தட்டிண்டே இருக்கார். நெஜமாச் சொல்லுங்கோ. அவர் கூப்பிடவே இல்லையா?"

டக்.

அவளுக்குக் கேட்கவில்லை. அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லிவிடலாம். இப்போதே. வாயைத் திறந்தான்.

"இல்லை, மன்னி. கூப்பிடலை."

அவள் தலையசைத்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனாள். அவள் போனதும் கதவைத் தாழ்ப்பாள் போட்டான். படியில் அவள் காலடி தேய்ந்து மறைந்தது.

கடுகுச் சத்தம் இல்லை. மழைச் சத்தமும் இல்லை. குளிர் மட்டும். மூச்சு வெள்ளையாக வந்தது.

டக்.

அவன் கை தானாக நோட்டை எடுத்தது. 213. தன் எழுத்துத்தான்.

கட்டிலுக்கடியில் பெட்டியோடு சுருட்டி வைத்திருந்த ஒயர் அவிழ்ந்து கிடந்தது. தரையோடு ஓடி, வாசற்கதவின் அடியில் நுழைந்திருந்தது. விறைப்பாக. அதன்மேல் பனி.

ஒயரைப் பிடித்துக்கொண்டே போனால் பன்னிரண்டு அடி. அன்றும் பிடித்துக்கொண்டு போயிருக்கலாம்.

நகரவில்லை.

கதவிடுக்கில் பனித்தூள் உள்ளே வந்தது. பிறகு நீலம் பாய்ந்த நான்கு விரல்கள், ஒயர் சுற்றியபடி. ஆள்காட்டி விரல் மெல்ல உயர்ந்து ஒயரைத் தட்டியது.

ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு.

விரல் மறுபடி உயர்ந்தது.