இன்னும் நாலு மிதி!

டெலிபோன் அலறியது.

இங்கிலாந்தின் ஹல் நகரம். ஒரு கார் உதிரிபாகக் கடை. ஞாயிற்றுக்கிழமை. மணி மூன்றேகால்.

கவுண்டரில் நின்ற டோரீன் அதை அலற விட்டாள். எதிரே ஒரு வழுக்கைத்தலை வாடிக்கையாளர்.

"பிரேக் டிஸ்க், பேடு ரெண்டையும் வீட்லயே மாத்திடலாம்ல?"

"தாராளமா மாத்துங்க. ஆனா ஒண்ணு... புதுப் பேடு உக்காரணும்னு பிஸ்டனை உள்ள தள்ளியிருப்பீங்க. முதல்ல மிதிக்கிறப்ப பிரேக் பெடல் தரைக்கே போயிடும். நாலஞ்சு தடவை மிதிச்சு, பெடல் கல்லு மாதிரி ஆனப்புறம்தான் வண்டியை நகர்த்தணும்!"

"மறந்துட்டா?"

"எதிர்வீட்டுக்காரர் சுவர்ல போய் நிப்பீங்க!"

சிரித்துக்கொண்டே ரிசீவரை எடுத்தாள்.

"டோரீன்..." கணவன் க்ளைவின் குரல். "உன் அண்ணன் ரெஜி... கேரவன்ல செத்துக் கெடக்கான்! யாரோ மண்டையில அடிச்சிருக்காங்க!"

சிரிப்பு உதட்டிலேயே செத்தது.

*

டோரீன் வீட்டின் பின்தோட்டத்தில் நின்ற பழைய கேரவன் என்ற சக்கர வீட்டில்தான் மூன்று வருடமாக ரெஜியின் வாசம்.

நேற்று வேலியருகே நின்று சொன்னான்.

"நாளைக்கு வேலை முடிஞ்சதும் கேரவனுக்கு வா. உன் வீட்டுக்காரனைப் பத்தி ஒண்ணு சொல்லணும்."

"இப்பவே சொல்லித் தொலையேன்!"

"நின்னுக்கிட்டே கேக்கற விஷயம் இல்ல டோரீன்."

இனி உட்கார்ந்தும் கேட்க முடியாது.

அவள் வீடு வந்து சேர்ந்தபோது, சமையலறையில் இன்ஸ்பெக்டர் ஓல்ட்ராய்ட் ஆறிப்போன டீயோடு உட்கார்ந்திருந்தார். எதிரே க்ளைவ். நகக்கண்ணில் கறுப்பு கிரீஸ்.

"ஒண்ணுக்கும் ரெண்டுக்கும் நடுவுல நடந்திருக்கு. அப்ப எங்க இருந்தீங்க, மிஸ்டர் பெக்வித்?"

"காலையிலேர்ந்து ஷெட்ல பிரேக் மாத்திட்டிருந்தேன் சார். பன்னெண்டுக்கு முடிஞ்சுது. ஓட்டிப் பாக்கலாம்னு பிரிட்லிங்டன் கடற்கரைக்குப் போனேன். கார்லயே சிப்ஸ் சாப்பிட்டேன். திரும்பி வந்தப்ப மணி மூணு!"

"போக முப்பது மைல், வர முப்பது மைல்... புது பிரேக் எப்படி?"

"வெண்ணெய் மாதிரி சார்!"

டோரீன் மூச்சை விட்டாள். க்ளைவ் ஊரிலேயே இல்லை. அப்படியானால்... கொன்றது க்ளைவ் இல்லை. நேற்றிலிருந்து நெஞ்சில் கிடந்த கல் கொஞ்சம் புரண்டது.

கான்ஸ்டபிள் எட்டிப் பார்த்தான்.

"சார், பின்பக்கமா வழியே இல்ல. ஸ்ட்ரெச்சரை ஷெட் வழியாத்தான் எடுக்கணும். கார் மறிக்குது."

க்ளைவ் எழுந்தான்.

"நீங்க உக்காருங்க. வாக்குமூலத்துல கையெழுத்து பாக்கி இருக்கு," என்றார் ஓல்ட்ராய்ட்.

"நான் எடுக்கறேன்," என்றாள் டோரீன். அண்ணனுக்கு வழிவிடுவது... அதையாவது அவள் செய்யட்டும்.

*

காரில் உட்கார்ந்தாள். கதவைச் சாத்தினாள். சாவியைத் திருப்பும் முன், பழக்கதோஷத்தில் பிரேக் மேல் கால் வைத்தாள்.

பெடல் இறங்கியது...

இறங்கிக்கொண்டே போனது...

தரையைத் தொட்டது!



எண்ணெய் ஒழுகுகிறதோ? இறங்கிக் குனிந்து பார்த்தாள். தரை காய்ந்திருந்தது. பானெட்டைத் திறந்தாள். பிரேக் எண்ணெய் குறையாமல் இருந்தது.

மறுபடி வந்து உட்கார்ந்தாள்.

அறுபது மைல் போய் வந்த வண்டியா இது? புதுப் பேடு மாட்டிய பிறகு ஓர் அங்குலம்கூட நகரவில்லை!

காலையில் க்ளைவிடமும் அதே பாடத்தைத்தான் ஒப்பித்திருந்தாள். "தெரியும், தெரியும்" என்றிருந்தான்.

இன்னும் நாலு மிதி. பெடல் கல்லாகிவிடும். அப்புறம் யாருக்கும் தெரியாது. இருபத்தாறு வருடத் தாம்பத்தியம் தப்பித்துவிடும்.

அவள் கால் பெடலின் மேலேயே கிடந்தது.

கார்க் கண்ணாடியில் ஷெட்டின் பின்வாசல் தெரிந்தது. ஸ்ட்ரெச்சர் காத்திருந்தது. போர்வைக்கு வெளியே ஒரு பாதம். போன கிறிஸ்துமஸுக்கு அவள் பின்னிக் கொடுத்த சிவப்புக் காலுறை.

"என்ன டோரீன், ஸ்டார்ட் ஆகலியா?" சமையலறை வாசலில் க்ளைவ்.

அவனையே பார்த்தாள்.

பிறகு காலை எடுத்தாள்.

"இன்ஸ்பெக்டர்! இங்க வாங்க. இந்த பெடலை மிதிச்சுப் பாருங்க... ஒரே ஒரு தடவை!"

ஓல்ட்ராய்ட் வந்தார். மிதித்தார். நிமிர்ந்தார்.

"வெண்ணெய்னு சொன்னது சரிதான், மிஸ்டர் பெக்வித். சூடான கத்தி மாதிரி இறங்குது! ஆமா... இந்த பிரேக்கை வெச்சுக்கிட்டு எப்படிக் கடற்கரையில நின்னீங்க?"

க்ளைவ் வாசல் பக்கம் பார்த்தான். ஓட இடமில்லை.

"போன வாரம் பிரிட்லிங்டன்ல... நான் லிண்டாங்கற பொண்ணோட சுத்தினதை ரெஜி பாத்துட்டான் டோரீன். உன்கிட்ட சொல்லியே தீருவேன்னான். நான் கெஞ்சினேன்... ஸ்பேனர் கையிலேயே இருந்தது..."

விலங்கு க்ளிக்கென்று பூட்டிக்கொண்டது.

வாசலில் திரும்பினான்.

"எப்படி டோரீன்... எப்படிக் கண்டுபிடிச்சே?"

"கடைக்கு வர்ற ஒவ்வொருத்தருக்கும் தொண்டை வறள இதைத்தான் சொல்றேன். ஊரே கேக்குது..." டோரீன் கார் கதவை அறைந்து சாத்தினாள். "கட்டின புருஷன் என்னிக்குப் பொண்டாட்டி பேச்சைக் கேட்டான்!"